அச்சிடப்படாத கேள்வி
பிலிப் ராத்தின் எபிரெயப் பள்ளியும் பஸ்கா மேசையும்

அமெரிக்க யூத எழுத்தாளர் பிலிப் ராத் (1933–2018) தமது இருபதுகளில் எழுதிய 'யூதரின் மனமாற்றம்' என்னும் சிறுகதை, 1958ஆம் ஆண்டில் 'தி பாரிஸ் ரிவ்யூ' இதழில் வெளிவந்தது. மறு ஆண்டில் 'குட்பை, கொலம்பஸ்' என்னும் தொகுப்பில் இடம்பெற்றது. அத்தொகுப்பு 1960இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது. கதையின் தலைப்பைக் கண்டவுடன் கிறித்தவ வாசகர் எதை எதிர்பார்ப்பாரோ, அதைக் கதை ஒருவகையில் தரவும் செய்கிறது. ஜெபாலயத்தின் முன் கூடிய யூதர், ரபீ உட்பட அனைவரும், முழந்தாளிட்டு இயேசு கிறிஸ்துவை விசுவாசிப்பதாக வாயினால் அறிக்கையிடுகின்றனர். ஆகவே அருளுரைக்கு ஏற்ற நல்ல எடுத்துக்காட்டு ஒன்று கிடைத்தது என்று போதகர் ஒருவர் எண்ணுவதில் வியப்பில்லை. முதன்முறை படித்தபோது நானும் அவ்வாறே எண்ணினேன். மறுமுறை படித்தபோது அவ்வெண்ணத்திற்காக நாணினேன். இது யூதர் கிறித்தவராகும் கதையன்று. பிள்ளைகளுக்குக் கடவுளைப் பற்றிக் கற்பிக்க ஏற்பட்ட ஒரு பள்ளியின் கதை. அப்பள்ளியின்மீது ராத் சுமத்தும் குற்றம் எம்மட்டும் நியாயமானது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

கதையைச் சுருக்கமாகக் கூறுவோம். அக்காலத்து அமெரிக்க யூதப் பிள்ளைகளுட் பலர் பகலில் பொதுப்பள்ளிக்குச் சென்று, மாலையில் ஜெபாலயத்தைச் சார்ந்த எபிரெயப் பள்ளிக்கு வருவர். அத்தகைய பள்ளி ஒன்றில் ஓஸி பிரீட்மன் என்னும் சிறுவன் பயில்கிறான். அவனுக்குத் தந்தை இல்லை. தாய் வேலைக்குச் சென்று அவனை வளர்க்கிறாள். ஆசிரியர் ரபீ பைண்டர். ஓஸியின் கேள்விகள் ரபீயைத் தொல்லைப்படுத்துகின்றன. மாந்தர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்று அமெரிக்க விடுதலைச் சாசனம் கூறும்போது, யூதரைத் தெரிந்துகொள்ளப்பட்ட ஜனம் என்பது எப்படி என்று முன்னொரு நாள் கேட்டான். விமான விபத்து ஒன்றில் இறந்தவர்களின் பட்டியலில் யூதப் பெயர்களை எண்ணிய பிறகே தன் வீட்டார் அதைப் பெருந்துயரமாகக் கொண்டது ஏன் என்று மற்றொரு நாள் கேட்டான். ஒவ்வொரு முறையும் தாய் பள்ளிக்கு அழைக்கப்பட்டாள். மூன்றாவது கேள்வியே கதையின் உயிர். இயேசு வரலாற்றில் வாழ்ந்த ஒரு மனிதர், கடவுள் அல்லர் என்று ரபீ விளக்குகிறார். அதை ஓஸி மறுக்கவில்லை. ஆனால் ஆறு நாளில் வானத்தையும் பூமியையும் உண்டாக்கி, ஒளியையும் படைக்க வல்லவரான கடவுள், ஆடவன் சேர்க்கையின்றி ஒரு பெண் பிள்ளை பெறும்படிச் செய்ய ஏன் வல்லவர் ஆகமாட்டார் என்று கேட்கிறான்.

இக்கேள்வியின் தன்மையை நாம் தெளிவாக உணரவேண்டும். இது கிறித்தவக் கேள்வியன்று. கன்னிப் பிறப்பு நிகழ்ந்ததா என்று அவன் கேட்கவில்லை. நிகழ்த்தக் கடவுளால் கூடுமா என்றே கேட்கிறான். ஆதியாகமம் முதல் அதிகாரத்தை ரபீ கற்பித்தார், அவர் கற்பித்ததை அவன் நம்பினான், நம்பியதால் கேட்டான். நல்ல மாணாக்கன் என்பதற்கு இதனினும் மேலான அடையாளம் வேறு எதைத் தேடுவது? ரபீயோ இயேசுவின் பெயரைக் கேட்டவுடன் கேள்வியை விட்டுவிட்டுக் கேட்டவனை நோக்குகிறார். மீண்டும் தாய்க்கு அழைப்பு விடுக்கப்படுகிறது.

வெள்ளிக்கிழமை மாலை தாய் ஓய்வுநாள் விளக்குகளை ஏற்றுகிறாள். அந்நேரத்தில் தொலைபேசி ஒலிக்க, அதன் ஒலி அவளைக் கலைக்காதபடி ஓஸி அதை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறான். விளக்கேற்றும் வேளையில் மூச்சையும் மெல்ல விடவேண்டும் என்பது அவன் எண்ணம். மற்ற நேரங்களில் களைத்துத் தோன்றும் தாய், அவ்வொளியில் மட்டும், கடவுளால் கூடாதது ஒன்றுமில்லை என்பதை அறிந்தவளைப்போல் அவனுக்குத் தோன்றுகிறாள். தன் கேள்விக்கு விடை அவள் முகத்திலேயே இருக்கிறது என்று நம்பி நடந்ததைச் சொல்கிறான். அவள், அவனுடைய வாழ்நாளில் முதன்முறையாக, அவன் கன்னத்தில் அறைகிறாள். ராத்தின் கலைத்திறனைக் காட்ட இவ்வொரு பக்கம் போதும். விமர்சகர்கள் பெரிதும் பேசும் கூரைக் காட்சியைவிட எனக்கு இதுவே மேலானதாகப்படுகிறது. பிள்ளையின் இறையியல் பிறந்த இடம் பள்ளியன்று, அந்த விளக்கு. அவ்விளக்கின் முன்னேயே அது அடிபடுகிறது.

பின்னர் வகுப்பில் எபிரெயத்தை விரைந்து வாசிக்கும்படி ரபீ வற்புறுத்துகிறார். விரைந்து வாசித்தால் பொருள் விளங்காது என்கிறான் ஓஸி. கேள்வி மறுபடியும் எழுகிறது. ரபீயின் கை நீள்கிறது. வாயைப் பொத்தத்தான் நீண்டதோ என்று ஆசிரியர் ஐயத்துக்கு இடம் வைக்கிறார், ஆயினும் சிறுவன் குனிய, உள்ளங்கை மூக்கிற்படுகிறது, இரத்தம் வடிகிறது. ஓஸி கூரைக்கு ஓடிக் கதவைத் தாழிடுகிறான். கீழே தீயணைப்புப் படையினர் வலை விரிக்கின்றனர். தோழர் குதிக்கும்படி கூச்சலிடுகின்றனர், ரபீ மன்றாடுகிறார். அழைப்பின்படி பள்ளிக்கு வரும் தாய் தன் மகனைக் கூரையின் விளிம்பில் காண்கிறாள். அனைவரையும் முழந்தாளிடச் செய்து, கடவுளால் அது கூடும் என்று முதலில் ரபீயையும் பின்பு மற்றவரையும் சொல்லவைக்கிறான். இயேசுவை விசுவாசிப்பதாகவும் சொல்லவைக்கிறான். இறுதியில் தாயிடம், கடவுளின் பொருட்டு ஒருவரையும் அடிக்கலாகாது என்று வாக்குக் கேட்கிறான். அதன்பின்னரே குதித்து வலையில் விழுகிறான்.

இதில் மனமாற்றம் எங்கே இருக்கிறது? குதித்துவிடுவேன் என்று அச்சுறுத்தும் சிறுவனுக்காக முழந்தாளிட்டவர்கள் விசுவாசிகள் ஆகிவிடவில்லை. யூதருக்குப் பழக்கமில்லாத முழந்தாள் நிலையில் அவர்களை நிறுத்தும்போது ராத் வரலாற்றை நினைவூட்டுகிறார் என்றே கொள்ளவேண்டும். 1584ஆம் ஆண்டில் பதின்மூன்றாம் கிரகோரி பாப்பரசரின் ஆணையால் ரோமாபுரி யூதர் மனமாற்ற அருளுரைகளைக் கட்டாயமாகக் கேட்க நேர்ந்தது. ஒன்பதாம் பத்திநாதர் காலத்தில், 1847இல்தான் அவ்வழக்கம் ஒழிந்தது. ரோமாபுரியை மட்டும் சுட்டி நாம் தப்பிவிடலாகாது. 1543இல் லூத்தர் யூதருக்கு எதிராக எழுதிய நூலில் முதலாவதாகக் கூறிய ஆலோசனை, அவர்களுடைய ஜெபாலயங்களையும் பள்ளிகளையும் தீக்கிரையாக்கவேண்டும் என்பது; ரபீமார் கற்பித்தால் உயிரிழப்பர் என்று தடைவிதிக்கவேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. யூதப் பள்ளியில் ஒரு பிள்ளை அடிபட்டதைக் காட்டி மேடையில் மகிழ்வதற்கு நமக்கு உரிமை உண்டா? தலைப்பே ஏளனம் தோய்ந்தது. ஆண்ட்ரூ மார்வெல் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிய காதற் கவிதையில், உலகமுடிவுமட்டும் நடவாத ஒன்றுக்கு அடையாளமாக வரும் சொற்றொடர் அது.

ஓஸியை அறைந்த கை கிறித்தவக் கை அன்று என்பது உண்மையே. ஆனால் அது யூத மரபின் கைதானா? யூத மரபில் பள்ளி தோன்றிய வரலாற்றைத் தல்மூது கூறுகிறது (பாபா பத்ரா 21அ). ஆதியில் தந்தை உடையவனுக்குத் தந்தையே தோராவைக் கற்பித்தான். தந்தை இல்லாதவன் கல்லாமலே இருந்தான். அக்குறையைப் போக்கப் பல ஏற்பாடுகள் முயலப்பட்டு, முடிவில் யோசுவா பென் கம்லா என்னும் பிரதான ஆசாரியர், ஒவ்வொரு நகரிலும் ஆசிரியரை அமர்த்தி, ஆறு ஏழு வயதுப் பிள்ளைகளை அவர்களிடம் சேர்க்க வகைசெய்தார். எருசலேம் ஆலயம் அழிவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் இவர். இருபத்தைந்து பிள்ளைகளுக்கு ஓராசிரியர் என்ற கணக்கும் அவ்விடத்திலேயே காணப்படுகிறது. ஆகப் பள்ளி என்பது தந்தையற்ற பிள்ளைக்குத் தந்தையின் இடத்தில் நிற்க ஏற்பட்டது. ஓஸி அப்படிப்பட்ட பிள்ளை. அதே பகுதியில், பிள்ளையை அடிக்க நேர்ந்தால் செருப்பின் வாரால் மட்டும் அடி என்று ஓர் ஆசிரியருக்கு ரபீ ஒருவர் அறிவுறுத்துகிறார். வாசிக்கிறவன் வாசிக்கட்டும், வாசிக்காதவன் மற்றவனுக்குத் துணையாக இருக்கட்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். இன்றைய நோக்கில் செருப்பு வாரையும் நாம் ஏற்கமாட்டோம். ஆயினும் விரைந்து வாசிக்கவில்லை என்பதற்காக ஒருவனை வதைக்கவேண்டியதில்லை என்பது அன்றே அறியப்பட்டிருந்தது.

கேள்வியைப் பொறுத்தமட்டில் மரபின் சான்று இன்னும் வலுவானது. யாத்திராகமம் 12:26, 13:14, உபாகமம் 6:20 ஆகிய இடங்களில், பிள்ளை கேட்கும்போது தந்தை இன்னவாறு விடை கூறவேண்டும் என்று விதிக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். இவற்றின் மேலேயே பஸ்கா இரவின் ஒழுங்கு கட்டப்பட்டது. ஏறத்தாழ கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா, இரண்டாம் கிண்ணம் வார்க்கப்பட்டதும் மகன் தந்தையைக் கேட்கிறான் என்கிறது. மகனுக்கு அறிவு போதாவிடில் கேட்கத் தந்தை கற்றுத்தருகிறார் (பெசாகிம் 10:4). தல்மூது மேலும் செல்கிறது: மகன் கேட்க இயலாவிடில் மனைவி கேட்கவேண்டும்; அவளும் இயலாவிடில் அவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவேண்டும்; பஸ்காவின் பிரமாணங்களை முற்றக் கற்ற இரு பண்டிதர் கூடியிருந்தாலும் ஒருவரையொருவர் கேட்கவேண்டும் (116அ). விடை தெரிந்தவனும் கேட்டே ஆகவேண்டிய இரவு அது. பிள்ளைகள் உறங்கிவிடாமல் கேட்கும்பொருட்டு ரபீ அக்கிபா அவர்களுக்கு வறுத்த தானியமும் கொட்டைகளும் வழங்கினார் என்றும் படிக்கிறோம் (109அ). கேட்கப்படும் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாய் இலக்கணம் கூறி விடையிறுப்பதை ஹகதா நூல் தொடங்கும் இடத்தில் காணோம்; எகிப்தில் பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம் என்று அது கதை சொல்லத் தொடங்குகிறது. ரபீ பைண்டரிடம் இல்லாதது இதுவே. அவரிடம் வரையறைகள் இருந்தன. சொல்வதற்குக் கதை இல்லை.

இன்றும் யூத சமயப் பள்ளிகளில் பஸ்காவுக்குப் பல வாரங்களுக்கு முன்பே, இந்த இரவு மற்ற இரவுகளினின்று வேறுபடுவது எதனால் என்னும் நான்கு கேள்விகளையும் மரபு இசையோடு பிள்ளைகள் பயில்கின்றனர். பள்ளியிலேயே மாதிரி மேசை அமைத்துப் புளிப்பில்லா அப்பத்தையும் கசப்பான கீரையையும் வைத்து ஒழுங்கை நடத்திப் பார்ப்பதுண்டு. வீட்டில் இளைய பிள்ளை பாட, முதியோர் மகிழ்கின்றனர். அழகிய வழக்கந்தான். ஆனால் இதிலேயே ஓர் இடர் மறைந்திருக்கிறது. கேள்வி அச்சிடப்பட்டுவிட்டது. பிள்ளை மனப்பாடம் செய்து பாடுகிறது, கேட்கவில்லை. இவ்விடரை நான் கண்டுபிடித்ததாக எண்ணவேண்டாம்; தல்மூது அதை முன்னரே கண்டது. அபாயே என்பவர் ரபா என்னும் ஆசிரியரின் முன் அமர்ந்திருக்கையில், உண்பதற்கு முன்னரே உணவுத் தட்டு அகற்றப்படுவதைக் கண்டு, நாம் இன்னும் உண்ணவில்லையே, அதற்குள் எடுத்துவிட்டார்களே என்று வியந்து கேட்டார். ஆசிரியர் மகிழ்ந்து, இனி விதிக்கப்பட்ட கேள்வியை ஓதவேண்டியதில்லை, அக்கடமையிலிருந்து நீ எங்களை விடுவித்தாய் என்றார் (115ஆ). அபாயேயும் தாய் தந்தையற்றவர். அவரை வளர்த்தவர் அந்த ஆசிரியரே. ரபீ பைண்டரின் வகுப்பை இதன் அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். தந்தையற்ற ஒரு பிள்ளையின் வாயினின்று, எந்த நூலிலும் அச்சிடப்படாத கேள்வி ஒன்று தானாகப் புறப்பட்டது. தல்மூதின் ஆசிரியர் அங்கிருந்தால் பாடநூலை மூடிவிட்டிருப்பார்.

மரபின் மென்மையை மட்டும் காட்டுவது நேர்மையாகாது. ஹகதாவில் நான்கு பிள்ளைகள் வருகின்றனர்: அறிவுடையவன், துன்மார்க்கன், பேதை, கேட்கத் தெரியாதவன். துன்மார்க்கனுக்கு விதிக்கப்பட்ட விடை கடுமையானது: அவன் பல்லைக் கூசச் செய் என்கிறது நூல். எரேமியா 31:29இல் பிதாக்கள் தின்ற புளிப்புத் திராட்சையால் பிள்ளைகளின் பற்கள் கூசுவதைக் குறிக்கும் அதே வினைதான் இங்கும் வருகிறது. அவன் செய்த குற்றம் யாது? இந்த ஆராதனை 'உங்களுக்கு' என்ன என்று கேட்டுத் தன்னைக் கூட்டத்தினின்று விலக்கிக்கொண்டான் என்பதே. ஆனால் எபிரெய வேதத்தில் அறிவுடைய மகனின் கேள்வியிலும் 'உங்களுக்கு'க் கட்டளையிட்ட என்றே இருக்கிறது (உபா. 6:20). செப்துவஜிந்த் மொழிபெயர்ப்பில் 'எங்களுக்கு' என்று காணப்படுகிறது; எருசலேம் தல்மூதிலும் அவ்வாறே. அறிவுடையவனையும் துன்மார்க்கனையும் பிரிக்கும் கோடு ஒரு பிரதிப்பெயரின் வேறுபாட்டில் தொங்குகிறது. அதுவும் உறுதியாக இல்லை. ஆசிரியராயிருப்போர் அஞ்சவேண்டிய இடம் இது. தன் முன் நிற்பவன் இவ்விருவரில் யார் என்பதைச் சொற்களைக் கொண்டு அறிய இயலாது. ரபீ பைண்டர் ஓஸியைத் துன்மார்க்கன் என்று தீர்த்துப் பல்லைக் கூசச் செய்தார். நான்காம் பிள்ளைக்குரிய விடையோ, அவனுக்காக நீ வாயைத் திறந்து தொடங்கு என்பது. ஓஸியின் தோழன் இட்ஸி அத்தகையவனோ என்று எண்ணத் தோன்றுகிறது. வகுப்பில் கேள்வி கேட்காமல் தொல்லையின்றி இருப்பவன். ஆனால் நால்வரையும் கதைமாந்தரோடு முற்றும் பொருத்துவது வீண் வேலை. ராத் அப்படித் திட்டமிட்டு எழுதினார் என்பதற்கு ஆதாரமும் இல்லை.

இனி ராத்தின்மேல் நம் குறையைக் கூறவேண்டும். பிரீட்மன் என்றால் விடுதலையானவன், பைண்டர் என்றால் கட்டுபவன் எனப் பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார். வலை ஒளிவட்டம்போல் மின்னுவதும் சற்று மிகைதான். இவை இளம் எழுத்தாளரின் குறைகள் என்று விட்டுவிடலாம். பெருங்குறை வேறு. அவர் காட்டும் பள்ளியில் பண்டிகை இல்லை. யூதப் பிள்ளையின் கல்வி மேசைநாற்காலியில் நடப்பது சிறுபகுதியே. ஆண்டின் சுழற்சியில் நடப்பதே பெரும்பகுதி. எக்காளத்தின் ஓசையோடு ஆண்டு பிறக்கிறது. கூடாரப் பண்டிகையில் கூரையின் இடுக்கு வழியே விண்மீன் தெரியும்படி குடில் கட்டுகிறார்கள். தோராவின் மகிழ்ச்சி நாளில், பல சபைகளில், பிள்ளைகள் அனைவரையும் ஒன்றாக அழைத்து, ஜெபப்போர்வை ஒன்றை அவர்கள் தலைக்குமேல் பந்தலாக விரித்து, வாசிப்பின் ஆசியை வழங்குகிறார்கள். பூரிம் நாளில் ஆமானின் பெயர் வாசிக்கப்படுந்தோறும் பிள்ளைகள் கிலுகிலுப்பை சுழற்றிக் கூச்சலிடுகிறார்கள். ஆராதனையில் பிள்ளைகளின் இரைச்சலே கடமையாகும் நாள் அது. இடைக்காலத்து ரைன் நதிக்கரை யூதரிடையே பெந்தெகொஸ்தே நாளில் சிறுவனைப் போர்வைக்குள் மூடி ஆசிரியரிடம் எடுத்துச்சென்று, பலகையில் எழுதிய எழுத்துகளின்மேல் தேன் தடவி நக்கச்செய்யும் வழக்கம் இருந்ததை வோர்ம்ஸ் நகரத்து எலெயாசார் எழுதிவைத்திருக்கிறார். முதற்பாடம் லேவியராகமம், நாம் மேடையில் தொடவும் தயங்கும் நூல்! பலிகள் தூயவை, பிள்ளைகளும் தூயவர், தூயவர் வந்து தூயவற்றில் ஈடுபடட்டும் என்பது மித்ராஷ் கூறும் காரணம். நியாயப்பிரமாணம் யூதப் பிள்ளைக்குச் சுமை என்று நாம் கலாத்தியரை விளக்கும்போது எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நாவில் தேனோடு அது தொடங்கிற்று.

இவை யாவற்றையும் நீக்கிவிட்டு, வாசிப்புப் புத்தகத்தையும் கலந்துரையாடல் நேரத்தையும் மட்டும் ராத் காட்டுகிறார். பள்ளியை வெறுமையாக்கிய பின் அதை வெறுமை என்று பழிப்பது முறையா? அவர் சார்பிலும் விடை உண்டு. அமெரிக்க யூத சமயப் பள்ளி தன் வடிவத்தின் ஒருபகுதியை நம்மிடமிருந்தே பெற்றது. 1838இல் பிலதெல்பியாவில் ரெபேக்கா கிராட்ஸ் அம்மையார் தொடங்கிய எபிரெய ஞாயிறு பள்ளி, புரொட்டஸ்டண்டு ஞாயிறு பள்ளியின் மாதிரியில் அமைந்தது. தொடக்கத்தில் யூதப் பாடநூல்கள் இல்லாமையால் கிறித்தவப் பாடநூல்களையே எடுத்து, யூதப் பிள்ளைகளுக்கு ஒவ்வாத விடைகளின்மேல் காகிதத் துண்டுகளை ஒட்டிப் பயன்படுத்தினர் என்று அப்பள்ளியைப் பற்றிய நினைவுக் குறிப்பு கூறுகிறது. வினாவும் விடையுமாக ஓதும் நம் ஞானோபதேச முறை அங்குக் குடியேறிற்று. அதனின் நன்மைகளை நான் மறுக்கவில்லை. தந்தையர் கைவிட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதனால் வேதம் கற்றனர். ஆயினும் விடையை மறைக்க ஒட்டிய காகிதத்தின்கீழே கேள்வி மாறாமல் இருந்தது. கேட்பவர் ஆசிரியர், விடை கூறுபவர் பிள்ளை. பஸ்கா மேசையில் நடப்பது இதற்கு நேர்மாறு. ராத்தின் எபிரெயப் பள்ளியில் பண்டிகை காணாமற்போனதற்கும் இவ்வடிவத்துக்கும் தொடர்பு உண்டென்று கருத இடமிருக்கிறது.

பன்னிரண்டு வயதில் பஸ்காவுக்கு எருசலேம் சென்ற இயேசுவைப் பெற்றோர் மூன்று நாட்களுக்குப்பின் ஆலயத்தில் கண்டதாக லூக்கா எழுதுகிறார் (2:41–50). நம் ஞாயிறு பள்ளிப் படங்களில் அவர் உயர்ந்த இடத்தில் நின்று கைநீட்டி உபதேசிக்க, முதியோர் வாயடைத்துக் கீழே அமர்ந்திருப்பர். லூக்கா எழுதியது அதுவன்று. போதகர் நடுவில் அமர்ந்து, அவர்களுக்குச் செவிகொடுத்து, அவர்களைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார் என்றே எழுதுகிறார். பண்டிகையின் நாட்களில், கேட்பதற்காகவே பிள்ளையை அமர்த்தும் ஒரு மக்களின் நடுவில் அவர் அமர்ந்திருந்தார். அவர்களில் ஒருவரும் அவரை அறையவில்லை. அவருடைய அறிவைக் கண்டு வியந்தனர். யூத ஆசிரியரை எதிரிகளாக வரையப் பழகிய நம் கை இக்காட்சியிலும் தன் வேலையைச் செய்துவிட்டது.

திடப்படுத்தல் வகுப்பில் நாம் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்விகள் அச்சிட்டவை, விடைகளும் அச்சிட்டவை. ஆயர் தேர்வு வைக்கும் நாளில், பிள்ளை ஒன்று எழுந்து புத்தகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டால், சபையார் முன்னிலையில் நாம் செய்வது யாது? அதிலும் பிறசமயத்தவரின் நம்பிக்கையைச் சுட்டி, இதுவும் கடவுளால் கூடாதோ என்று கேட்டால்? ரபீ பைண்டரின் இக்கட்டு அப்போது விளங்கும். கதையைப் படிக்கும்போது என் மனம் ஓஸியின்பால் இருந்ததுபோலவே, அந்த மனிதரின்பாலும் இரக்கம் கொண்டது என்பதை ஒளிக்கவேண்டியதில்லை. தன் மக்களைத் துன்புறுத்தியவர்களின் பெயரை ஒரு பிள்ளை வாயில் கேட்ட ஆசிரியரின் அச்சம் அற்பமானதன்று.

ஓஸி வலையில் விழுவதோடு கதை முடிகிறது. மறுநாள் அப்பள்ளியில் வகுப்பு நடந்ததா, அவன் மீண்டும் வந்தானா என்று ராத் சொல்லவில்லை. ஆயினும் அடுத்த பஸ்கா இரவு வந்தே தீரும். தந்தை இல்லாத அவ்வீட்டு மேசையில் கேட்கவேண்டியவன் ஓஸி. விடை சொல்லவேண்டியவள், இனி அடிப்பதில்லை என்று தெருவில் முழந்தாளிட்டு வாக்களித்த தாய்.